அருங்காட்சியகத்துக்கு வழி இருக்கு, ஆத்துக்கு வழி எங்கே?

கூடப் படிக்கும் நண்பர்கள் நாலு பேர் போன மாதம் திருநெல்வேலிக்கு வந்திருந்தார்கள். ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் வேலூர், மற்ற ரெண்டு பேர் சென்னை. "மூணு நாள் இருப்போம், ஊரைச் சுத்திக் காட்டு" என்று உத்தரவு. ஊர்ப் பெருமை பேசியே விடுதியில் பெயரெடுத்தவன் நான் (கெட்ட பெயர்தான்!). விடுவேனா? ஒரு தாளில் பட்டியலே போட்டுவிட்டேன்.

முதல் நாள் நெல்லையப்பர் கோவில், தட்டினால் சுரம் பேசும் கல் தூண்கள், சாயங்காலம் டவுண் ரதவீதியில் வரிசையில் நின்று அல்வா, அதற்கு நடுவில் ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம். ரெண்டாம் நாள் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் சிற்பங்கள், அப்படியே ஆதிச்சநல்லூர். மூணாம் நாள் பாபநாசம், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு. நேரமிருந்தால் கூந்தன்குளம் பறவைகள். குற்றாலத்தைச் சேர்க்கவில்லை. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது அது அவர்கள் பங்குக்குப் போய்விட்டது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ரெண்டாம் நாள் காலையில் ஜங்ஷனிலிருந்து பாளை பக்கம் போகும்போது சுலோச்சன முதலியார் பாலத்தில் வண்டி ஏறியது. வேலூர்க்காரன் சன்னல் வழியாகக் கீழே பார்த்துவிட்டு ஒரு கத்து கத்தினான். "டேய், தண்ணி ஓடுதுடா! எங்க பாலாத்துல நான் மணலைத்தான் பார்த்திருக்கேன். நிறுத்துடா, இறங்கி ஒரு குளி போடுவோம்."

நான் நிறுத்தச் சொல்லவில்லை. "இங்க வேண்டாம்லே, நாளைக்குப் பாபநாசத்துல குளிச்சிக்கலாம்" என்றேன்.

"அது எவ்வளவு தூரம்?"

"ஒரு அம்பது கிலோமீட்டர் இருக்கும்."

"உன் வீட்டுக்குப் பக்கத்துல ஓடுற ஆத்துல குளிக்க அம்பது கிலோமீட்டர் போகணுமா?"

அவன் கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அவனுக்கு நான் சொல்லாத பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஊருக்குள் யாரும் குளிப்பதே இல்லை என்பது பொய். குறுக்குத்துறையிலும் சிந்துபூந்துறையிலும் இன்றைக்கும் காலையில் ஆள் நிற்கிறது. ஆனால் கரையோரமாக நாலு எட்டு நடந்து பாருங்கள். எந்த ஓடையில் என்ன நிறத்தில், என்ன வாடையோடு தண்ணீர் வந்து ஆற்றில் சேர்கிறது என்று பார்த்தவன், வெளியூரிலிருந்து வந்த நண்பனை அதே தண்ணீரில் முங்கு என்று எப்படிச் சொல்வான்? நாமாவது பழகிவிட்டோம். பழகிவிட்டோம் என்பதுதான் இதில் பெரிய அசிங்கம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். திருநெல்வேலியின் முதல் சுற்றுலாத் தலமும் முதல் பாரம்பரியச் சின்னமும் தாமிரபரணிதான். மற்றதெல்லாம் அது பெற்ற பிள்ளைகள். பிள்ளைகளுக்குக் கட்டடம் கட்டி, விளக்குப் போட்டு, போர்டு வைத்துவிட்டு, பெற்றவள் மேல் சாக்கடையைத் திறந்துவிடும் ஊருக்குப் பாரம்பரியம் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என் பட்டியலையே எடுத்துப் பார்ப்போம்.

ஆதிச்சநல்லூர். ஆற்றின் தென்கரையில் 114 ஏக்கர் பரம்பு. 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் தோண்டி, எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கி சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்பு ஆயுதம் என்று அவர் எடுத்தது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அப்புறம் ஒரு நூறு வருஷத் தூக்கம். 2004-ல் தொல்லியல் துறை மறுபடி தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. 2020 மத்திய பட்ஜெட்டில் ஐந்து முக்கியத் தொல்லியல் இடங்களில் ஒன்றாக அறிவித்தார்கள். 2023 ஆகஸ்டில், தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வைத்தார்கள். அந்தக் கண்ணாடிமேல் நின்றபோது எங்கள் கூட்டத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஆனால் அந்த மக்கள் ஏன் அங்கே இருந்தார்கள்? விளையாத மேட்டைச் செத்தவர்களுக்கு விட்டுவிட்டு, வயலுக்கும் குடிக்கவும் ஆற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். எதிர்க்கரைப் பக்கம் சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதே சிவகளையின் இரும்புக்கு 5,300 ஆண்டுப் பழமை என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அந்த நெல் எந்தத் தண்ணீரில் விளைந்தது? நாம் இன்றைக்குச் சாக்கடை கலக்கும் அதே தண்ணீரில்தான்.

அடுத்து அல்வா. ஏன் இந்த ருசி வேறெங்கும் வராது என்று எந்தக் கடை அண்ணாச்சியைக் கேட்டாலும் "தாமிரபரணித் தண்ணி தம்பி" என்றுதான் பதில் வரும். பத்தமடைப் பாய். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆற்றங்கரையில் வளரும் கோரையை வெட்டிக் காயவைத்து, கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால்தான் அது பட்டு மாதிரி நெசவுக்கு வரும். ஓடுகிற தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். தேங்கிய தண்ணீரில் அந்தப் பாய் இல்லை.

சுலோச்சன முதலியார் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1843-ல் திறந்தது. லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் வளைவு வளைவாகக் கட்டியது. கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த ஒரு மனுஷன், ஜனங்கள் ஓடத்துக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்கச் சகியாமல் தன் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டிய பாலம். நூற்று எண்பது வருஷம் கழித்தும் அதன் மேல்தான் நாம் ஆபீசுக்கும் காலேஜுக்கும் போகிறோம். தனி ஒருத்தர் அன்றைக்கு ஆற்றுக்கு மேலே பாலமே போட்டார். மாநகராட்சி, மாநிலம், மத்தியம், 2017-ல் கிடைத்த ஸ்மார்ட் சிட்டி பட்டம் எல்லாம் சேர்ந்தும் ஆற்றுக்குள் விழும் சாக்கடையைத் திருப்பிவிட முடியவில்லையாம். நம்பும்படி இருக்கிறதா?

குறுக்குத்துறை முருகன் கோவில் இன்னும் அதிசயம். ஆற்றுக்குள்ளேயே, வெள்ளத்தை எதிர்க்கிற படகு மாதிரி நிற்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் சாமான்களையும் கரையில் இருக்கும் மேலக்கோவிலுக்குத் தூக்கிப்போவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்திலும் முங்கி எழுந்தது. ஆற்றோடு சண்டை போடாமல் எப்படி வாழ்வது என்று நம் முன்னோர்கள் கல்லில் எழுதி வைத்த பாடம் அது. அந்தக் கோவிலைச் சுற்றி ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் நாம் என்ன பாடம் படித்தோம் என்று தெரிந்துவிடும்.

இப்போது பாலத்திலிருந்து கீழே பாருங்கள். தண்ணீர் குறைந்த மாதங்களில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி அமலைச்செடி. வெளியூர்க்காரர்கள் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுக்கிறார்கள். அது அழகில்லை சாமி, வியாதியின் அறிகுறி. சாக்கடையில் இருக்கும் சத்தைத் தின்றுதான் அது அப்படிக் கொழுக்கிறது. வருஷா வருஷம் இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள், மறுபடி வருகிறது. சோறு போடுவதை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளினால் வராமல் என்ன செய்யும்?

இது ஒரு காலேஜ் பையனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். கழிவுநீர் கலப்பதை நிறுத்தக் கோரியும், படித்துறை, கல்மண்டபங்களைச் சீராக்கக் கோரியும் எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகள் ரெண்டு பேர் நேரிலேயே வந்து கரையில் இறங்கிப் பார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள். நம் ஊர்ச் சாக்கடை எங்கே விழுகிறது என்று பார்க்க மதுரையிலிருந்து நீதிபதி வர வேண்டியிருக்கிறது. தினம் நாலு தடவை பாலத்தைத் தாண்டும் நமக்குக் கண் எங்கே போச்சு?

நண்பர்களிடம் இதைப் பேசினால் வரும் பதில்கள் நாலு விதம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"அப்போ அருங்காட்சியகம் வேண்டாம்ங்கிறியா?" இல்லவே இல்லை. 2025 டிசம்பரில் திறந்ததும் முதல் கும்பலில் போனவன் நான். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைப் பொருட்களைப் பார்க்கச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! என் கேள்வி வேறு. அதற்கு வைத்த பெயர் என்ன? பொருநை. ஆற்றின் பெயர். செத்துப்போன நாகரிகத்துக்கு அவள் பெயரை வைத்து மரியாதை செய்கிறோம். உயிரோடு இருக்கும் அவளுக்கு? உலகத்தில் எத்தனையோ நாகரிகங்களை அருங்காட்சியகத்தில் மட்டும்தான் பார்க்க முடியும், அவற்றின் ஆறுகள் வற்றியோ திசைமாறியோ போய்விட்டன. நமக்கு ஆறு இன்னும் வாசலில் ஓடுகிறது. கண்ணாடிப் பெட்டியில் பானையைப் பார்த்த சின்னப் பிள்ளை, "இந்தப் பானையில் மோந்த தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டால் கைபிடித்து ஒரு படித்துறைக்குக் கூட்டிப்போக முடிய வேண்டும். அப்போதுதான் அந்த அருங்காட்சியகம் முழுமை.

"எல்லா ஊர் ஆறும் இப்படித்தான்." சரிதான், கூவத்தையும் நொய்யலையும் காட்டுவீர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காவிரிக்குக் கர்நாடகத்தைத் திட்டலாம், பாலாற்றுக்கு ஆந்திராவைத் திட்டலாம். தாமிரபரணிக்கு யாரைத் திட்டுவது? பொதிகையில் நம் மண்ணில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் நம் மண்ணிலேயே ஓடி, புன்னைக்காயலில் நம் கடலிலேயே கலக்கிறது. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு. பக்கத்து மாநிலம் குற்றவாளி இல்லை, வானமும் குற்றவாளி இல்லை. மிச்சம் இருப்பது நாம் மட்டும்தான்.

"அரசாங்கம் பார்த்துக்கும்." அரசாங்கம் கட்டாயம் பார்க்க வேண்டும், அதன் தப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பாதாளச் சாக்கடைக்காகத் தெருத்தெருவாகத் தோண்டி நம் முதுகெலும்பை வாங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழாயில் இணைப்பு வாங்காமல் ஓடையில் திறந்துவிட்ட வீடு யாருடையது? ராத்திரியில் கோழிக்கடைக் கழிவைக் கரையில் கொட்டுகிற மூட்டை யார் வீட்டுக்குக் கறி விற்றது? பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருவது எந்த அரசாங்கம்? 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் என்று ஊர் ஊராக வந்து புனித நீராடினோமே, அதில் நானும் எங்கள் ஆச்சியோடு முங்கியவன்தான். பக்தியைக் குறை சொல்லவில்லை. பாவத்தைக் கழுவ ஆறு வேண்டும் என்கிறவன், பழைய வேட்டியையும் ஷாம்பு பாக்கெட்டையும் அவள் மடியிலேயே போட்டுவிட்டு வந்தால் பாவம் கழுவப்பட்டதா, கூடியதா?

"குடிதண்ணியை அவங்க சுத்தம் பண்ணித்தானே தாராங்க, அப்புறம் என்ன?" இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் பதில். நெல்லை, தூத்துக்குடி, இன்னும் விருதுநகர்ப் பக்கம் வரைக்கும் குழாயில் போவது இந்த ஆறு. நாம் கழித்துவிட்டதுதான் கீழே இருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் தூத்துக்குடிக்கும் போய்ச் சேர்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் குடத்தில் எச்சில் துப்பிவிட்டு, "கொதிக்க வச்சித்தானே குடிப்பே" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் வராத ஓர் இடம் இந்தக் கரையில் இருக்கிறது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸ் நோக்கி வந்த ஊர்வலத்தின் மேல் கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் ஆற்றுக்குள் இறங்கி ஓடினார்கள். பதினேழு பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஆற்றில் பூப்போடுகிறார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நண்பர்களுக்கு அந்த இடத்தைக் காட்டவில்லை, மூவாயிரம் வருஷத்துக்கு முன் செத்தவர்களின் தாழியைத்தான் காட்டினேன். பாரம்பரியம் என்றால் பழசு மட்டும்தானா? ஓர் ஆறு ஊரின் ஞாபகத்தையும் சேர்த்துத்தான் சுமக்கிறது. ஆற்றையே ஓரம் தள்ளிய ஊருக்கு அந்த ஞாபகமும் சுலபமாக மறந்துபோகிறது.

சரி, வெறுமனே திட்டிவிட்டுப் போகவில்லை. என்ன செய்யலாம்?

ஒன்று: கரையில் இனி ஒரு பூங்கா, ஒரு செல்ஃபி பலகை, ஒரு கலர் விளக்கு போடுவதற்கு முன்னால், ஆற்றில் சாக்கடை விழும் ஒவ்வொரு வாய்க்கும் எண் போடுங்கள். பக்கத்தில் ஒரு பலகை: எந்த வார்டுக் கழிவு, எந்த அதிகாரி பொறுப்பு, எந்தத் தேதிக்குள் அடைக்கப்படும். ஊர் பார்க்கட்டும். வெட்கம் மாதிரி வேலை வாங்கும் மேஸ்திரி வேறு இல்லை.

இரண்டு: பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. எங்கள் வீட்டில் அதைப் படிக்காமல் யாரும் காபி குடிக்க மாட்டார்கள். அதே மாதிரி குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் தண்ணீரின் தரத்தையும் வாரம் ஒருமுறை எழுதிப் போடட்டும். குளிக்கலாமா, கூடாதா? தமிழில், ஒரே வரியில்.

மூன்று: படித்துறைகளையும் கரையோரக் கல்மண்டபங்களையும் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்துச் சீராக்க வேண்டும். கோவில் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கிறோம், தைப்பூசத்துக்குச் சாமி வந்து இறங்கும் கரையை விட்டுவிடுகிறோம்.

நான்கு, இது நமக்கு: வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று இன்றைக்குச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். நான் பார்த்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டுத் தண்ணீர் ஓடைக்குத்தான் போகிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தண்ணீரும் அதில் உண்டு. அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். "ஊர்ல எல்லாரும் அப்படித்தாம்லே விடுதான்" என்றார். மறுபடி சொன்னேன். இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயசு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடிகாலையில் ஆற்றுக்குப் போய், ஈரச் சேலையோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்குவாராம். இன்றைக்குக் குழாயடியில் குளிக்கிறார். "அதே தண்ணிதான் ஆச்சி, குழாய் வழியா வருது" என்றால், "அதே தண்ணின்னா உன் கூட்டாளியள ஏம்லே அம்பது மைலுக்குக் கூட்டிட்டுப் போனே?" என்று கேட்கிறார். (கிலோமீட்டர் என்று திருத்தினேன். அடி விழாத குறை.)

வேலூர்க்காரன் போகும்போது, அடுத்த வருஷமும் வருவேன் என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குப் புதுப் பட்டியல் போட எனக்கு ஆசையில்லை. வண்டியைப் பாலத்துப் பக்கம் நிறுத்தி, "இறங்குலே, குளிப்போம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.